ஏலகிரி விடுதிக்குக் காரா, ரயிலா, பேருந்தா? வேலூரிலிருந்து கிளம்புவோருக்கான ஓர் ஒப்பீடு

வேலூரிலிருந்து ஏலகிரி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இதில் முதல் 70 கிலோமீட்டரைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. பாலாற்றை ஒட்டிச் செல்லும் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையும், காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டைக்குப் போகும் இருப்புப்பாதையும் நாள் முழுவதும் ஓயாத போக்குவரத்து உள்ளவை என்பதால், எப்படிக் கிளம்பினாலும் அடிவாரத்துப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடலாம். காரில் போவதா, பொதுப் போக்குவரத்தில் போவதா என்ற கேள்விக்கான விடை, அடிவாரமான பொன்னேரியிலிருந்து நாம் அறை எடுத்திருக்கும் விடுதியின் வாசல் வரையுள்ள கடைசித் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் பெட்ரோல் செலவையும் ரயில் கட்டணத்தையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கடைசித் தொலைவை மலையேறிய பிறகே யோசிக்கிறார்கள்.

முதலில் ஒரு நிர்வாகச் செய்தி. பழைய வட ஆற்காடு மாவட்டத்திலும் பின்னர் வேலூர் மாவட்டத்திலும் இருந்த ஏலகிரி, 2019ஆம் ஆண்டு வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டபோது திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. மலையில் ஏறும் அரசுப் பேருந்துகளுக்கு அதற்கு முன்பிருந்தே திருப்பத்தூர்தான் தாய்வீடு. ஆகவே வேலூர்ப் புதிய பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு மலைப்பேருந்து எப்போது வரும் என்று கேட்பதைவிட, திருப்பத்தூரையோ ஜோலார்பேட்டையையோ இலக்காக வைத்துக்கொண்டு அங்கிருந்து மேலே ஏறத் திட்டமிடுவதே சரியான வழி.

காரை முதலில் எடுத்துக்கொள்வோம். வேலூரில் நெடுஞ்சாலையைப் பிடித்து, பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைக் கடந்து, ஆம்பூர், வாணியம்பாடி வழியாகச் சென்று, திருப்பத்தூர் சாலையில் திரும்பிப் பொன்னேரியை அடைந்தால் மலைச்சாலை தொடங்கிவிடும். வழியில் நிறுத்தாமல் ஓட்டினால் இரண்டு மணி நேரம் முதல் இரண்டரை மணி நேரத்துக்குள் மேலே போய்விடலாம். ஆனால் ஆம்பூரில் பிரியாணி சாப்பிடாமல் அந்தச் சாலையைக் கடந்துபோகும் குடும்பங்கள் குறைவு என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்தும் இந்த வசதி வேறு எந்த வழியிலும் கிடைக்காது. அதே நேரத்தில், வயிறு நிறையப் பிரியாணி சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது எல்லோருடைய உடம்புக்கும் ஒத்துக்கொள்ளும் காரியமும் இல்லை.

மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. தமிழ்க் கவிஞர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் இந்த வளைவுகளுக்குச் சூட்டியிருக்கிறார்கள். பின்னிருக்கைக் குழந்தைகளுக்கு அவற்றைப் படிப்பதே ஒரு பொழுதுபோக்கு. ஊட்டி அல்லது கொடைக்கானல் சாலையை ஓட்டிப் பழகியவர்களுக்கு இது சிறிய மலைதான். உயரம் சுமார் 1,100 மீட்டர். ஆனால் சமவெளியில் மட்டுமே ஓட்டியவர்களுக்கு, வளைவு ஒன்றில் பேருந்து எதிர்ப்பட்டு, பாதி ஏறிய நிலையில் வண்டியை நிறுத்தி மறுபடியும் கிளப்ப வேண்டி வரும்போது கை உதறும். ஏறும் வண்டிக்கே முதலில் வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலையின் விதி. வார இறுதியில் வெளியூர்களிலிருந்து வரும் ஓட்டுநர்களில் பலர் அதை அறிந்திருப்பதில்லை என்பதால், உரிமை நம்மிடம் இருந்தாலும் ஒலிப்பானை அழுத்திவிட்டுப் பொறுத்துப் போவதே நல்லது.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் காருக்கு உண்மையான சோதனை இருக்கிறது. எண்ணெயை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் போட்டு இறங்குவோர் இன்னமும் உண்டு. அப்போது வண்டியின் முழு வேகத்தையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருப்பதால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில், பெரும்பாலும் இரண்டாவதில், இயந்திரத்தின் இழுவையே வேகத்தைக் கட்டுப்படுத்துமாறு இறங்குவதுதான் முறை. ஆட்டோமேட்டிக் வண்டியில் இதற்கான தாழ்நிலைத் தேர்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. மின்சாரக் காருக்கு இறக்கம் ஒரு சலுகை. ஏறும்போது கூடுதலாகச் செலவான மின்சாரத்தில் ஒரு பகுதி இறங்கும்போது மின்கலத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் விடுதியில் சார்ஜ் போட வசதி உண்டா என்று கேட்காமல் பாதி மின்கலத்துடன் ஏறுவது வீண் பதற்றம். பெட்ரோல், டீசல் வண்டிகளும் கீழேயே நிரப்பிக்கொண்டு ஏறுவது நல்லது.

செலவைப் பார்ப்போம். போகவர 180 கிலோமீட்டர், மேலே சுற்ற 20 அல்லது 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு 13 அல்லது 14 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் 100 ரூபாயை ஒட்டியிருக்கும் விலையில் அது 1,400 ரூபாய்க்கு அருகில் வரும். சுங்கக் கட்டணம் தனி. ரயிலிலோ பேருந்திலோ போனால், மலைப்பேருந்தையும் சேர்த்து ஆளுக்கு ஒரு வழிக்கு 100 ரூபாய் அளவில் முடிந்துவிடும். ஒருவர் தனியாகப் போனால் போகவர 200 ரூபாய், இருவருக்கு 400. இந்த நிலையில் கார் ஓர் ஆடம்பரம்தான். நால்வர் போகும்போது பொதுப் போக்குவரத்தின் செலவு 800 ரூபாயாகிறது. அதோடு மேலே ஆட்டோ பிடித்துச் சுற்றும் செலவையும் சேர்த்தால் வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது. நால்வர் கொண்ட குடும்பம் பணத்தை மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்க வேண்டியதில்லை என்பதே இந்தக் கணக்கு சொல்வது.

சொந்தக் கார் இல்லாதவர்கள் வாடகைக் காரை எண்ணுவார்கள். அங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியூர் வாடகைக்கு, ஓடிய தூரம் எவ்வளவாக இருந்தாலும் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிடுவதே இந்தத் தொழிலின் வழக்கம். அதற்கு மேல் டிரைவர் பேட்டா, மலை ஏறுவதற்கான கூடுதல் தொகை, சுங்கம் எல்லாம் சேரும். ஓர் இரவு தங்கும் பயணத்தில் வண்டி பெரும்பாலான நேரம் விடுதி வளாகத்தில் சும்மா நின்றுகொண்டிருக்க, நாம் இரண்டு நாள் குறைந்தபட்சத்தையும் கொடுக்க வேண்டி வரும். ஓட்டுநர் படுக்க இடமும் பார்க்க வேண்டும். போவதற்கு ஒரு வண்டி, திரும்புவதற்கு ஒரு வண்டி என்று ஒருவழி வாடகையாகப் பேசிக்கொள்வது பெரும்பாலும் மலிவாக முடியும். அதைவிட, காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ரயிலில் போய், அங்கிருந்து மலைக்கு மட்டும் வண்டி பேசுவது இன்னும் குறைவான செலவு. முதியவர்களை அழைத்துச் செல்வோருக்கு நான் முதலில் சொல்லும் வழி இந்தக் கடைசி ஏற்பாடுதான்.

இனி ரயில். பெங்களூருப் பாதையும் சேலம், கோவைப் பாதையும் பிரியும் இடம் ஜோலார்பேட்டை. சென்னையிலிருந்து மேற்கே போகும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை காட்பாடியையும் ஜோலார்பேட்டையையும் கடந்தே ஆக வேண்டும். காலையில் சென்னையிலிருந்து புறப்படும் கோவை விரைவு வண்டியும், அதற்குப் பின்னால் வரும் பிருந்தாவன் விரைவு வண்டியும் வேலூர்க்காரர்களுக்கு மிகப் பொருத்தமான நேரத்தில் காட்பாடிக்கு வருகின்றன. இரண்டும் ஜோலார்பேட்டையில் நிற்பவை. இடையில் உள்ள 84 கிலோமீட்டரை இவை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு முழுச் சாப்பாட்டின் விலையைத் தாண்டாது. ஆனால் காட்பாடியில் நிற்கும் வண்டிகள் எல்லாம் ஜோலார்பேட்டையில் நிற்பதில்லை. மைசூரு வந்தே பாரத்தில் ஏறிவிட்டால் ஏலகிரியைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டே பெங்களூரு போய்ச் சேர வேண்டியதுதான்.

மலையின் பெயரையே தாங்கிய ஏலகிரி விரைவு வண்டியும் இருக்கிறது. ஆனால் மலைக்குப் போகிறவர்களுக்கு அதனால் பயனில்லை. அது காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கும், மாலையில் சென்னையிலிருந்து ஜோலார்பேட்டைக்கும் போகும் வண்டி. தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய் வருவோரின் வசதிக்கு ஏற்ற நேரம் அது. மாலையில் காட்பாடியில் அதைப் பிடித்தால் ஜோலார்பேட்டையில் இறங்கும்போது இரவாகிவிடும், மலைப்பேருந்தை நம்ப முடியாது. பெயரைப் பார்த்து முன்பதிவு செய்துவிடக் கூடாது. அதேபோல, பயணச்சீட்டுச் செயலியில் ‘பொன்னேரி’ என்று தேடினால் முன்னால் வந்து நிற்பது சென்னைக்கு வடக்கே கூடூர்ப் பாதையில் உள்ள பொன்னேரி. நம் அடிவாரத்துப் பொன்னேரிக்குப் போக விரும்புபவர் ஜோலார்பேட்டைக்கே சீட்டு எடுக்க வேண்டும்.

ரயிலின் குறை, இரு முனைகளிலும் ஆகும் நேரம். வேலூர் நகருக்குள் இருப்பவர் காட்பாடிக்குப் போய் நடைமேடையில் நிற்க அரை மணி நேரத்துக்கு மேலாகும். ஜோலார்பேட்டையில் இறங்கிய பிறகு நிலையத்தைவிட்டு வெளியே வந்து, பேருந்துச் சாலையைச் சேர்ந்து, திருப்பத்தூரிலிருந்து வரும் மலைப்பேருந்துக்குக் காத்திருக்க வேண்டும். அங்கிருந்து மலைமேல் அத்தனாவூருக்கு 20 கிலோமீட்டர் அளவில்தான் தொலைவு என்றாலும், ஏற்றத்தில் பேருந்து ஒரு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கூட்டினால் வீட்டு வாசலிலிருந்து அத்தனாவூர் வரை மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். காரைவிட ஒரு மணி நேரம் அதிகம். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக, நெடுஞ்சாலைச் சரக்கு லாரிகளின் நடுவே வண்டி ஓட்டும் சோர்வு இல்லாமல் போய்ச் சேரலாம்.

பேருந்து வழி இதைவிடச் சற்று நீளமானது, ஆனால் எளிமையானது. வேலூர்ப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து திருப்பத்தூருக்கு அரசு, தனியார் பேருந்துகள் அடிக்கடி இருப்பதால், ரயிலைப் போல நேரத்தைப் பார்த்து ஓட வேண்டியதில்லை. திருப்பத்தூர் வரை இரண்டரை மணி நேரம், அங்கிருந்து மலைப்பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் என்று கொண்டால், காத்திருப்பும் சேர்ந்து நான்கு மணி நேரத்தைத் தாண்டும். வாணியம்பாடி வழியாக வருவதால் பொன்னேரி கூட்டுரோட்டிலேயே இறங்கி மலைப்பேருந்துக்கு மாறலாமே என்று தோன்றும். நேரம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் திருப்பத்தூரிலேயே நிறைந்துவிடும் பேருந்தில் பொன்னேரியில் ஏறினால் 14 வளைவுகளையும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே கடக்க வேண்டும். வார நாளில் பொன்னேரியில் இறங்கலாம். சனிக்கிழமையில், அதுவும் பெட்டியும் குழந்தையுமாகப் போகிறவர்கள், திருப்பத்தூர் வரை போய் முன்பக்கச் சன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொள்வதே மேல். மலைப்பாதையில் குமட்டல் வருபவர்களுக்குப் பின்னிருக்கை ஒரு தண்டனை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போவதைவிட, முன்னால் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டு போவது கூடுதல் பலன் தரும்.

பெங்களூரு, ஒசூர், கிருஷ்ணகிரி பேருந்துகளில் ஏறி வாணியம்பாடியில் இறங்கிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. தொலைதூரப் பேருந்துகள் ஊருக்குள் நுழையாமல் புறவழிச்சாலையிலேயே இறக்கிவிட்டுப் போகக்கூடும். மேம்பாலத்தின் அடியில் பெட்டியோடு நிற்பதைத் தவிர்க்க விரும்பினால், ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேலே ஏறிய பிறகு என்ன என்பதற்கு வருவோம். ஏலகிரி ஒரே ஊரன்று. 14 சிற்றூர்கள் பரவிக்கிடக்கும் ஒரு மேட்டுநிலம் அது. அத்தனாவூர்தான் அதன் கடைத்தெரு. புங்கனூர் ஏரியும் படகுத்துறையும் அதை ஒட்டியே இருக்கின்றன. உங்கள் விடுதி அத்தனாவூரில் இருந்தால், பேருந்திலிருந்து இறங்கி நடந்தே அறைக்குப் போகலாம், உணவகமும் மருந்துக்கடையும் பக்கத்திலேயே இருக்கும், மறுநாள் ஏரியைச் சுற்றி வருவதற்கும் வண்டி வேண்டாம். இந்த நிலையில் காரைக் கொண்டுபோவது அதை நிறுத்தி வைப்பதற்காக மட்டுமே என்றாகிவிடும். மாறாக, நிலாவூர்ப் பக்கமோ, சுவாமிமலை ஏற்றம் தொடங்கும் மங்களத்துப் பக்கமோ, தோட்டத்துக்கு நடுவே அமைதியான விடுதி வேண்டும் என்று அறை எடுத்திருந்தால் கதையே வேறு. அந்த ஊர்களுக்கும் பேருந்து இல்லாமலில்லை. ஆனால் நமக்குத் தேவையான நேரத்தில் வராது. இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போக வேண்டுமென்றால் இருட்டில் நடக்க வேண்டும் அல்லது ஆட்டோவைத் தொலைபேசியில் அழைத்துக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே பயணச்சீட்டையோ பெட்ரோலையோ நினைப்பதற்கு முன் விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு அவசியம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை எத்தனை தூரம், அதில் மண்பாதை உண்டா, ஜோலார்பேட்டைக்கோ அத்தனாவூருக்கோ வண்டி அனுப்புவார்களா, இரவு உணவு அங்கேயே கிடைக்குமா என்பவற்றைக் கேட்டுவிட்டால் முடிவு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். இணையத்தில் ‘அத்தனாவூருக்கு அருகில்’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்பக் கூடாது. மலையில் இரண்டு கிலோமீட்டர் ‘அருகில்’ என்பது பெட்டியை இழுத்துக்கொண்டு ஏற்றத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் நடப்பது.

இருவராக, ஆளுக்கொரு தோள்பையுடன், அத்தனாவூரிலோ அதை ஒட்டியோ தங்கப் போகிறவர்களுக்கு ரயிலும் மலைப்பேருந்துமே என் தேர்வு. முழங்கால் வலியுள்ள பெரியவர்களும் சிறு குழந்தைகளும் கொண்ட குடும்பத்துக்கு, அதுவும் ஊருக்கு வெளியே விடுதி என்றால், கார்தான். இடைப்பட்டவர்களுக்கு நான் முன்பே சொன்ன ரயிலும் வாடகை வண்டியும் சேர்ந்த ஏற்பாடு. இருசக்கர வாகனத்தில் போகும் இளைஞர்களுக்கு எதையும் சொல்லி மாற்ற முடியாது என்பது தெரியும். மலைச்சாலையைவிட நெடுஞ்சாலையில்தான் அவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஏலகிரிக்குப் பதிலாக ஜவ்வாது மலையில் தங்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒப்பீடு ஏறக்குறைய தலைகீழாகிவிடும். வேலூரிலிருந்து கண்ணமங்கலம், போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குப் போகும் தொலைவும் ஏலகிரித் தொலைவை ஒத்ததே. காட்பாடி–விழுப்புரம் பாதையில் போளூருக்கு ரயிலும் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் வண்டிகள் குறைவு, போளூரிலிருந்து மலையேறும் பேருந்துகளும் குறைவு. ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க நேரும். அங்கு பார்க்க வேண்டிய இடங்களும் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் இருக்கின்றன. பீமன் அருவி ஒரு பக்கம் என்றால், 1986ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்கிவரும் காவலூர் வைணு பாப்பு வானியல் ஆய்வுக்கூடம் ஆலங்காயம் செல்லும் பக்கம் இருக்கிறது. அங்கே கார் வசதிக்காக அல்ல, தேவைக்காகவே வேண்டும். இருட்டும் முன் விடுதியை அடைந்துவிடும்படி காலையிலேயே கிளம்புவதும், கைப்பேசி அலைவரிசை எல்லா இடத்திலும் கிடைக்காது என்பதால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வதும் நல்லது.

ஏலகிரிக்கே திரும்புவோம். எந்த நாளில் போகிறோம் என்பதும் முடிவை மாற்றக்கூடியது. பெங்களூருவிலிருந்தும் சென்னையிலிருந்தும் சில மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய மலை என்பதால், சனிக்கிழமை முற்பகலில் மலைச்சாலையிலும் படகுத்துறையை ஒட்டிய தெருவிலும் கார்கள் வரிசை கட்டி நிற்கும். கோடை விழா நடக்கும் நாட்களில் இது இன்னும் மோசமாகும். அத்தகைய நாளில் பேருந்தும் அதே நெரிசலில்தான் ஊர்ந்து போகும். ஆனால் வண்டி நிறுத்த இடம் தேடும் தொல்லை பேருந்துப் பயணிக்கு இல்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலைப்பாதையில் மரக்கிளைகளும் கற்களும் விழுவதுண்டு. இரவில் மூடுபனியும் இறங்கும். புதிதாக மலையில் ஓட்டுபவர்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாலைக்குப் பிறகு ஏறுவதைத் தவிர்ப்பது நல்லது. பகலிலேயே மேலே சேர முடியாதென்றால், கார் வைத்திருப்பவர்கள்கூட அன்றைக்கு மலைக்குப் பழகிய உள்ளூர் ஓட்டுநரை நம்புவதில் தவறில்லை.

திரும்பும் பயணத்தை ரயிலில் வைத்திருப்பவர்கள் மாலை பிருந்தாவனுக்கும் அதன் பின் வரும் கோவை விரைவு வண்டிக்கும் முன்பதிவு செய்துகொண்டுதான் மலையேற வேண்டும். ஞாயிறு மாலையில் பெங்களூருவிலிருந்தும் கோவையிலிருந்தும் சென்னை நோக்கி வரும் கூட்டம் ஜோலார்பேட்டைக்கு வருமுன்பே பெட்டிகளை நிரப்பிவிடும் என்பதால், போகும்போது எளிதாக இருந்த முன்பதிவில்லாப் பெட்டி திரும்பும்போது அப்படி இருக்காது. மலையிலிருந்து இறங்கும் பேருந்தை ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே பிடித்துவிட வேண்டும். கீழே காத்திருக்கும் நேரம் வீணாகத் தோன்றினாலும், பாதி மலையில் சுற்றுலாப் பேருந்து ஒன்று பழுதாகி நின்றுவிட்டால் வேறு வழியே கிடையாது. காரில் திரும்புவோர் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு இறங்குவதைவிட, விடுதியில் மதிய உணவை முடித்துக்கொண்டு உடனே கிளம்பினால், வெளிச்சம் இருக்கும்போதே மலையையும் நெடுஞ்சாலையையும் கடந்துவிடலாம். திங்கட்கிழமை விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் ஞாயிறன்று மேலே சென்று திங்களன்று இறங்குவதாக வைத்துக்கொண்டால், அறை வாடகையும் பெரும்பாலும் குறையும், மலைப்பேருந்தில் இருக்கையும் கிடைக்கும்.